வலப்பக்கத்து ஏழு காஜா

உலகத்தில் நாகரிகம் என்று ஒன்று இன்னும் மிச்சமிருப்பதற்குக் காஜாக்காதான் காரணம். அவள் ஒரு வாரம் படுத்துவிட்டால் போதும், மந்திரி முதல் மாப்பிள்ளை வரை சட்டையை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டியிருக்கும்.

பட்டன் நுழைகிற ஓட்டைதான் காஜா. ஆடைத் தொழிற்சாலையில் பதினோரு வருடமாகப் பெண்கள் சட்டைக்குக் காஜா போடுவதால் அந்தப் பெயர். ஆண்கள் சட்டைக்கு இடப்பக்கம் காஜா, பெண்கள் சட்டைக்கு வலப்பக்கம். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை.

"அந்தக் காலத்துப் பணக்காரிக்கு வேலைக்காரி எதிர்ல நின்னு மாட்டிவிடுவாளாம். அவ கைக்கு வாகா மாத்திட்டாங்க" என்பார் மேற்பார்வையாளர்.

"அப்ப எனக்கும் ஒருத்தி வரணுமேண்ணே? பதினோரு வருஷமா ஆளையே காணோம்!" என்பாள் காஜாக்கா.

அந்த வாரம் அவளுக்கு இந்தப் பேச்செல்லாம் ஓடவில்லை. பேருந்து ஓட்டுநரான கணவருக்கு விபத்தில் வலது கை செயலிழந்து ஏழு மாதம். டெப்போவில் நேரக்காப்பாளர் நாற்காலி காலியாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பதுக்குள் நேரில் வராவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும்.

"சட்டை மாட்டிவிடவே ஒரு ஆள் வேணும். எனக்கு எதுக்கு வேலை?" என்று ஓட்டுநர் பனியனோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

காஜாக்கா எழுந்தாள், உட்கார்ந்தாள், அடுப்பிலேயே ஏற்றாத பாத்திரத்தை மூன்று தடவை திறந்து பார்த்தாள். புதுச்சட்டையைக் கண்டால் மனசு மாறாதா என்று நீலத் துணி வாங்கி வந்து தைத்தாள். கண் கடிகாரத்தில், நினைப்பு டெப்போவில். கை மட்டும் தன் பழக்கத்தில் போனது. முடித்துவிட்டுப் பார்த்தால் ஏழு காஜாவும் வலப்பக்கம். பட்டன் என்றால் பிய்த்து மாற்றலாம். வெட்டின ஓட்டையை எங்கே கொண்டு போவது?

"பொம்பளச் சட்டையா? டெப்போவே சிரிக்கும்!"

"சிரிக்கட்டும். உங்க பட்டனைக் குனிஞ்சு பாக்குறவனுக்கு வேற வேலை இல்லன்னு அர்த்தம்."

"எடுத்துட்டுப் போ."

எடுத்துப் போகவில்லை, ஆணியில் மாட்டினாள். வியாழன் முழுக்கத் தொழிற்சாலையில் இரண்டு தடவை ஊசியை உடைத்தாள்.

வெள்ளி, எட்டேகால். பழைய சட்டையை எடுத்துக்கொண்டு கெஞ்சப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். ஓட்டுநர் நீலச் சட்டையில் நாலாவது பட்டனில் இருந்தார். யார் சொன்னார்களோ, இடது கை விரல்கள் விளிம்பைப் பிடிக்க, கட்டைவிரல் தள்ள, பட்டன் சமர்த்தாக நுழைந்தது. மற்ற ஆண்களின் சட்டை வலது கைக்கு எப்படியோ, இது இவருடைய இடது கைக்கு அப்படி. தன்னையறியாமல் நீண்ட தன் கையைக் காஜாக்கா முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஐந்து. ஆறு வழுக்கியது. மறுபடி ஆறு. ஏழு.

"என்ன பாக்குற? நேரமாச்சு, செருப்பை எடு" என்றார். ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்க டெப்போவில் நின்றார். நாற்காலி கிடைத்தது.

இவ்வளவையும் எழுதி முடித்த மகளின் தோளுக்குப் பின்னால் நின்று படித்த காஜாக்கா, ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"யார் சொன்னார்களோவா? வியாழக்கிழமை சாயங்காலம் வலது கையை இடுப்போட சேர்த்து என் அளவு நாடாவால கட்டிக்கிட்டு, அப்பா முன்னாடி இந்தச் சட்டையைப் போட்டுப் போட்டுக் கழட்டினது யாருடி? முடிச்சு விழுந்த இடத்துல இருபத்திரண்டாம் நம்பரே அழிஞ்சு கிடக்கு!"