அப்பாவின் கையில் ஒரு பாப்-இட்

என் ஏழு வயது மகள் தர்ஷினிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. அதற்காகவே அவளுடைய அப்பா சிரம்பான் பசாரில் பாப்-இட் வாங்கித் தந்தார். அமுக்கினால் 'டொக்' என்று குழியும் ரப்பர்க் குமிழ்கள். அது கையில் இருந்தால் அடங்கியிருப்பாள். அவரும் ஓரிடத்தில் அடங்காதவர்தான். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை லோரி ஓட்டும்போதும் அவர் விரல்கள் ஸ்டியரிங்கில் தாளம் போடும்.

போன வருடம் நெஞ்சுவலியில் போய்விட்டார். லிங்கித் தோட்டத்து வீட்டில் பெட்டியில் கிடத்தியிருந்தோம். பக்கத்தில் உட்கார்ந்து தர்ஷினி டொக், டொக் என்று அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"சாவு வீட்டுல என்னா விளையாட்டு? அத வாங்கி வை லா," என்று என் நாத்தனார் அதட்டினார். நானும் கை நீட்டினேன். அவள் தரவில்லை.

வாய்க்கரிசி போட்டதும், அவளே பாப்-இட்டை அவர் கைக்கடியில் செருகினாள்.

"அப்பா கை சும்மாவே இருக்காதும்மா. இப்ப பாரு, ஆடவே மாட்டேங்குது."

நாத்தனாரே குனிந்து, தம்பியின் விரலைப் பிடித்து ஒரு குமிழை அமுக்கினார். டொக். பிறகுதான் பெட்டியை மூடினார்கள்.

புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்றேன். தர்ஷினி வேண்டாம் என்றுவிட்டாள். இப்போதெல்லாம் என் விரல்களைத்தான் மடக்கி மடக்கி நீட்டுகிறாள். சோறாக்கும் நேரம் தவிர, என் கையை அவளுக்கு எட்டும் இடத்திலேயே வைத்திருக்கிறேன்.