ஏழாவது வரியில் ஒரு கோடு

கல்லூரி ஆண்டு மலர் நேற்றுத் தபாலில் வந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில் ‘சென்ற வாலிபால் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரிகள்’ என்று மூன்று பெயர் போட்டிருக்கிறார்கள். ஜொஹரா, மாரிக்கண்ணு, லோகாம்பாள். லோகாம்பாள் நான்தான். படித்ததும் வந்த ஆத்திரத்துக்கு அதைக் கிழித்து அடுப்பில் போட்டிருப்பேன். வீட்டுக்காரர் பிடுங்கி அலமாரியில் வைத்துவிட்டார். பெண்டாட்டி பெயர் அச்சில் வந்த சந்தோஷம் அவருக்கு.

சிறந்த ஆட்டக்காரியாம்! என் கையில் பட்ட பந்து எந்தப் பக்கம் போகும் என்று எனக்கே தெரியாது. அந்த இடத்தில் வரவேண்டிய பெயர் அல்லி. மலர் முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டேன். கடைசிப் பக்க நன்றியில் நாற்காலி இரவல் கொடுத்தவர் பெயர்கூட இருக்கிறது, அவள் பெயர் இல்லை. அதனால்தான் நானே எழுத உட்கார்ந்தேன்.

அல்லி எங்கள் ஊர் நெரவிக்காரி. அவள் அப்பா முத்தையன் குத்தகை நிலத்தில் பாடுபடுகிறவர். நானும் அவளும் காலையில் ஒன்றாகக் கிளம்பி, காரைக்காலுக்கு நடந்துபோய் ஆசிரியைப் பயிற்சி படித்தோம். அங்கே டிரில் மாஸ்டர் கோவிந்தராசு ஐம்பத்தேழாம் வருஷம் ஒரு நெட்டும் இரண்டு பந்தும் வாங்கிவந்து, “பொண்ணுங்களும் ஆடலாம், வாங்கம்மா” என்று கூப்பிட்டார். கல்லூரியே சிரித்தது. தைரியமாகப் போனவர்கள் ஏழே பேர். ஏழாவது ஆள் நான், அல்லி இழுத்துக்கொண்டு போனதால்.

தாவணியை இறுக்கிச் செருகிக்கொண்டு அவள் எழும்பினால் நெட்டுக்கு மேலே முழங்கை வரை தெரியும். இடது கைக்காரி. பந்தைத் தூக்கிக் கொடுக்கிற வேலை ஜொஹராவுக்கு. அவள் விரல் நுனியால் தள்ளுகிற பந்து அல்லி கை போகிற இடத்தில் வந்து நிற்கும். அடுத்த கணம் எதிர்ப்பக்கம் மண் தெறிக்கும். “அடி ஆத்தி! மாடு முட்டுன மாதிரி இருக்குடி” என்று கையை உதறுவாள் மாரிக்கண்ணு. காரைக்கால்மேட்டுப் பெண் அவள், வலை இழுத்துக் காய்த்த கை. அவளுக்கே அப்படியென்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பருவத்துக்கு ஒரு பெரிய விஷயம் இருந்தது. இறுதி ஆட்டத்துக்குப் புதுச்சேரியிலிருந்து ஒரு மதாம், அதாவது விளையாட்டு அதிகாரி அம்மா, வந்து, புதுச்சேரி அணிக்கு இரண்டு பேரைப் பொறுக்குவார். பொறுக்கப்பட்டால் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் வேலை நிச்சயம் என்று மாஸ்டர் சொன்னார். அன்றிலிருந்து அல்லிக்கு வேறு பேச்சே கிடையாது. “கரும்பலகை முன்னால நிக்கிறதுக்காடி இந்தக் கை? நான் கிரவுண்டுலதான் நிக்கப் போறேன்” என்பாள், நெரவி வருகிற வரைக்கும்.

இதில் இடித்தது ஜொஹராவின் வாப்பா. அப்துல் லத்தீப் நல்ல மனுஷர், ஜவுளி வியாபாரி, மகளைப் படிக்க அனுப்பியதே பெரிது. ஆனால் ஆட்டம் என்றதும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். “ஆம்பளைங்க கண்ணு படக்கூடாது. பட்டா, அன்னிக்கோட சரி.” அவளில்லாமல் பந்தைத் தூக்கிக் கொடுக்க ஆளில்லை. மாரிக்கண்ணுவின் அப்பாவும் மாமன்மாரும் பழைய பாய்களைக் கொடுத்தார்கள், படகில் கட்டுகிற பாய். மைதானத்தைச் சுற்றி மூங்கில் நட்டு மறைத்தோம். பாய்க்கு வெளியே அப்துல் லத்தீப் நாற்காலி போட்டுக் காவல். பக்கத்தில் இன்னொரு நாற்காலியில், சொன்னால் நம்பமாட்டீர்கள், எங்கள் மாஸ்டரே. அவரும் ஆம்பளைதானே! உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமலே “கையை மடக்காத! கையை மடக்காத!” என்று வெளியிலிருந்து கத்துவார்.

அப்படியென்றால் விசில் ஊதுவது யார்? ஊரில் உள்ள அம்பயர் அத்தனை பேரும் ஆண்கள். எங்கள் டீச்சர்களுக்குப் பந்து உருண்டை என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. சட்டப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்திருந்தவள் அல்லி ஒருத்திதான்.

“இந்த ஒரு மேட்சுக்கு மட்டும் நீ ஊதிடும்மா” என்றார் மாஸ்டர்.

அவள் இடத்தில் நான் இறங்கினேன்.

நாகப்பட்டினத்துக்காரிகளோடு முதல் ஆட்டம். எடுத்த எடுப்பிலேயே ஜொஹரா கையில் பந்து இரண்டு முறை பட்டது என்று ஊதினாள் அல்லி. ஜொஹரா முறைத்தாள். நாகப்பட்டினத்துக்காரிகளோ வாயைப் பிளந்தார்கள். சொந்தக் கல்லூரிக்கு எதிராக ஊதுகிற பெண்ணை அவர்கள் எங்கே பார்த்திருக்கிறார்கள்? தட்டுத்தடுமாறி ஜெயித்தோம். ஆனால் செய்தி போய்விட்டது. அடுத்த வாரம் மன்னார்குடியிலிருந்து கடிதம். ‘அந்தப் பெண்ணே ஊதுவதானால் வருகிறோம்.’ அதற்கடுத்த கடிதமும் அதேதான். நியாயமாக ஊதியதற்குத் தண்டனை!

தினமும் வழியெல்லாம் பொருமுவாள். “ஒரே ஒரு மேட்சுன்னாருடி. இன்னிக்கி எத்தனாவது? கை நமநமங்குது. நீ அடிக்கிறத பாத்துக்கிட்டு அந்த ஏணி மேல உக்காந்திருக்கேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

ஜொஹராவுக்கும் என்மேல் எரிச்சல். “யா அல்லாஹ், அல்வா மாதிரி தூக்கித் தர்றேன், நீ கொசு அடிக்கிற மாதிரி தட்டுறியே” என்பாள். தப்பென்று சொல்ல முடியாது.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். பருவத்தின் நடுவில் ஆட்டக்காரிகளின் பெயர்ப் பட்டியல் கேட்டுப் புதுச்சேரியிலிருந்து ஒரு படிவம் வந்தது. ஆறு பேர், மாற்று ஆள் ஒருவர், மொத்தம் ஏழு வரி. என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று என்னிடம் கொடுத்தார்கள். ஆறாவது வரியில் என் பெயரை எழுதினேன். ஏழாவது வரியில் ஒரு கோடு போட்டேன். அம்பயர் பெயர் ஆட்டக்காரிகளோடு வரக்கூடாது என்று எனக்கு நானே சட்டம் சொல்லிக்கொண்டேன். அது பொய். அல்லி பெயர் அதில் இருந்தால் என்றைக்காவது ஒருநாள் நான் வெளியே உட்கார வேண்டியிருக்கும். கைதட்டலில் எனக்கு ருசி வந்துவிட்டது, அவ்வளவுதான். மாஸ்டர் படிக்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

இறுதி ஆட்டம் கும்பகோணத்தோடு. புதுச்சேரி மதாமே விசில் ஊதுவதாகத் தெரிந்ததும் அல்லி குதித்தாள். “இன்னிக்கி நான் எறங்குறேன்டி!” ரிப்பன் வைத்துச் சடையை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையில் முதல் ஆளாக நின்றாள். மதாம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தைப் பார்த்தார்.

“உன் பேரு?”

“அல்லிங்க.”

“அல்லி இதுல இல்லையேம்மா.”

கும்பகோணத்துத் தலைவி மெஹர் பானு பெரிய மனசுக்காரி. “அது எழுத விட்டுப்போயிருக்குங்க. ஆடட்டும், எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல” என்றாள். மதாமுக்கும் மனசு இளகியது. அல்லியைப் பார்த்துக் கேட்டார்.

“நீதான் புஸ்தகம் எல்லாம் படிச்ச பொண்ணாமே. நீயே சொல்லு, ஆடலாமா?”

ஆடலாம் என்று ஒரு வார்த்தை! தலையையாவது ஆட்டித் தொலைத்திருக்கலாம், பாவி! அவள் படிவத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் குனிந்து தாவணியை இறுக்கிச் செருகிக்கொண்டேன்.

“பட்டியல்ல பேர் இல்லாதவ ஆடக்கூடாதுங்க” என்றாள் அல்லி. மதாம் பெருமூச்சுவிட்டு அவள் கையில் ஒரு கொடியைக் கொடுத்து, பின்கோட்டில் நிற்கச் சொன்னார்.

ஆட்டம் மூன்றாவது செட் வரை இழுத்தது. பதினான்கு பதின்மூன்று, முன்னால் இருப்பது அவர்கள், சர்வீஸும் அவர்களுடையது. மாரிக்கண்ணு விழுந்து புரண்டு பந்தை எடுத்தாள். ஜொஹரா எனக்கு நேராகத் தூக்கினாள், அப்படி ஒரு பந்தை அவள் யாருக்குமே தூக்கியிருக்கமாட்டாள். பிறந்ததிலிருந்து நான் அடிக்காத அடி அடித்தேன். பந்து பின்கோட்டோரம் விழுந்து தூசி கிளம்பியது. மதாமுக்குத் தெரியவில்லை. எல்லாரும் அல்லியைத் திரும்பிப் பார்த்தோம்.

கொடியை உயர்த்தினாள். வெளியே.

பதினைந்து பதின்மூன்று. பாய்க்கு அந்தப் பக்கமிருந்து அப்துல் லத்தீப், “யாரும்மா ஜெயிச்சா? சொல்லுங்கம்மா!” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். “சொந்தக் காலேசுக்கே குழி வெட்டுறியேடி!” என்று மாரிக்கண்ணு அல்லி முகத்துக்கு நேராகக் கத்தினாள்.

மதாம் பொறுக்கியது ஜொஹராவையும் மாரிக்கண்ணுவையும். ஜொஹராவை வாப்பா புதுச்சேரிக்கு அனுப்பவில்லை. அங்கே யார் பாய் கட்டுவது? மாரிக்கண்ணு போனாள், இப்போது அங்கே விளையாட்டு டீச்சர். அல்லி திருமலைராயன்பட்டினத்துப் பக்கம் ஓர் ஆரம்பப் பள்ளியில் கரும்பலகை முன்னால் நிற்கிறாள். பெண்கள் வாலிபால் எங்கே நடந்தாலும் அவளுக்கு ஆள் அனுப்புகிறார்கள், விசில் ஊத. ஆட ஒருத்தரும் கூப்பிடுவதில்லை.

ஆட்டம் முடிந்த அன்று சாயங்காலம் நாங்கள் இருவரும் நெரவிக்கு நடந்தோம். பாதி வழியில் நானே ஆரம்பித்தேன்.

“அல்லி, அந்தக் கோடு போட்டது நான்தான்டி.”

“தெரியும். ஒன் எழுத்து எனக்குத் தெரியாதா?”

திட்டுவாள், அறைவாள் என்று காத்திருந்தேன். அவள் பாட்டுக்கு நடந்தாள். அறைந்திருந்தால் தேவலை. பின்னாலேயே ஓடிப்போய்க் கேட்டேன்.

“அந்தப் பந்து நெசமாவே வெளியதான் விழுந்துச்சா?”

“வெளியதான். நாலு வெரக்கடை தள்ளி.”

கொஞ்ச தூரம் போய் நின்றாள். இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“நான் அடிச்சிருந்தா உள்ள விழுந்திருக்கும்டி” என்றாள்.