மூன்று பெண்களுக்கு ஒரே சிவப்புப் பாவாடை

இயேசுவின் பாடுகளையும் உயிர்ப்பையும் நடித்துக் காட்டும் பாஸ்கா நாடகங்களுக்கு உடை வாடகைக்கு விட்டு, வேஷமும் போட்டுவிடுகிறவனுக்கு ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்தான் சீசன். ஊரெல்லாம் ஒருசந்தி விரதம் இருக்கும்போது நாங்கள் வயிறாரச் சாப்பிடுவோம். சக பாவிகளே, அப்படிச் சாப்பிட்டது செரிக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

ஒரே பாவாடை

சேலத்தில் என் கடையில் பன்னிரண்டு சீடர்களுக்கும் தனித்தனி அங்கி உண்டு. காட்டிக்கொடுத்த யூதாசுக்குக்கூட நல்ல பட்டுத் துண்டு. ஆனால் விபசாரத்தில் பிடிபட்ட பெண், ஐந்து கணவர் கண்ட கிணற்றடிச் சமாரியப் பெண், மகதலா மரியா மூவருக்கும் ஜிகினா வைத்த ஒரே சிவப்புப் பாவாடைதான். மகதலா மரியாவை வேசி என்று பைபிள் எங்கேயும் சொல்லவில்லை. பிரசங்கம் செய்தவர்கள்தான் காலங்காலமாக அப்படி ஆக்கிவிட்டார்கள். இது தெரிந்தும் இன்னொரு துணி தைக்க எனக்குத் தோன்றவில்லை, வெட்கக்கேடு.

நாமகிரிப்பேட்டைப் பக்கமிருந்து நாடக உடை எடுக்க வந்த ஒருவரிடம், ஒரு பாவாடைதான் இருக்கிறது என்று தயங்கிச் சொன்னேன். அவர் சிரித்தார். "அதனாலென்னங்க, மூணும் ஒரே மாதிரிப் பொம்பளைங்கதானுங்களே!"

வெள்ளைச் சேலை

பள்ளிபாளையத்தில் மகதலா மரியாவாக நடிக்க யாரும் முன்வரவில்லை. தறிப் பட்டறையில் வேலை செய்யும் ஸ்டெல்லாதான் ஒப்புக்கொண்டாள். காரணம், கடைசிக் காட்சி. உயிர்த்த இயேசுவை முதலில் பார்த்து, பயந்து பதுங்கியிருக்கிற சீடர்களிடம் ஓடிப்போய்ச் சொல்கிறவள் மரியாதானே. அந்த வசனத்தைத் தறி ஓட்டிக்கொண்டே மனப்பாடம் செய்திருந்தாள்.

கடைக்கு வந்தவள் பாவாடையைத் தொடவேயில்லை. "முதல் காட்சியிலிருந்தே வெள்ளைச் சேலை குடுங்கண்ணா" என்றாள். கூட வந்த நாடகக் கமிட்டித் தலைவர் விடவில்லை. கடைசிக் காட்சிக்கு மட்டும் வெள்ளை என்று முடிவானது. நான் சிவப்பை மடித்துப் பொட்டலம் கட்டினேன். தலைவர் என்னிடம் விளக்கினார்: "வெள்ளை கட்டுனா அவ பாவின்னு சனத்துக்கு எப்படிங்க தெரியும்?"

கடைசிக் காட்சி

நாடகத்தன்று பிரமுகர்களுக்குப் பொன்னாடை போர்த்தியே நேரம் போய்விட்டது. ஸ்டெல்லா சிவப்பில் ஆடி, அழுது, திட்டு வாங்கி, வெள்ளைக்கு மாறி வந்து நின்றாள். வசனத்தை ஒருமுறை முணுமுணுத்துப் பார்த்துச் சிரித்தாள். நான் நெற்றியில் பவுடர் ஒற்றிக்கொண்டிருந்தேன். தலைவர் ஓடிவந்து, நேரமாகிவிட்டது, அந்தக் காட்சி வேண்டாம், சீடர் பேதுருவே மைக்கில் உயிர்த்த சேதியைச் சொல்லிவிடட்டும் என்றார்.

அவள் ஈரத்துணி கேட்டு வாங்கி முகத்தைத் துடைத்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது. "நான் பாவம் பண்றதுக்கு முக்கா மணி நேரம் குடுத்தாங்கண்ணா, சேதி சொல்றதுக்கு ஒரு நிமிசம் இல்லீங்களா?"

பேதுரு அருமையாக அறிவித்தார், கூட்டம் ஆர்ப்பரித்தது, பவுடர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு அடியேனும் கைதட்டினேன்.