செப்புச் சொம்பு

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே பக்கத்து வீட்டுச் சரோஜா பிடித்துக்கொண்டாள். "இன்னாடா இருசப்பா, தூத்துக்குடி போய் சிப்பிக்குப் புட்டிப்பால் குடுக்குறியாமே?"

சிரித்து வைத்தான். ஏறக்குறைய அதுதான் வேலை. இரண்டு வருடமாகக் கடலோரப் பண்ணையில் தற்காலிக ஆள். தூசியளவு விசிறிச் சிப்பிக் குஞ்சுகளுக்குப் பாசித் தண்ணீர் ஊட்டி, தொட்டி நீரை மாற்றி, அவை நீந்துவதை நிறுத்தி வலையில் ஒட்டும்வரை காக்க வேண்டும். பிறகு கூண்டிலிட்டுக் கடலில் தொங்கவிட்டால் வளர்ந்துவிடும். இந்தத் தொட்டிக் குஞ்சுகள் தேறினால் வேலை நிரந்தரம் என்றார் பண்ணை அதிகாரி. அதை அவசரப்பட்டு அம்மாவுக்கு எழுதிவிட்டான்.

அம்மா பொன்னி, கல்யாணச் சத்திரத்தில் பாத்திரம் தேய்ப்பவள். புளி அரித்த விரல்கள். அவன் செருப்பைக் கழற்றுமுன் சொன்னாள்: "மாசத்தோட நின்னுக்கிறேன்னு மேனேஜர்கிட்ட சொல்லப்போறேன்டா. சாயங்காலம் வரச் சொல்லியிருக்காரு."

அதற்குள் அவன் அம்மாவிடம் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

அவன் தூத்துக்குடிக்குக் கிளம்பியபோது அவள் ஒரு செப்புச் சொம்பு வாங்கித் தந்திருந்தாள். குஞ்சுகள் ஒட்டத் தயாரான பதின்மூன்றாம் நாள், பிளாஸ்டிக் குவளை உடைந்ததால் சொம்பில் மொண்டு பாசி ஊற்றினான். மறந்து அதைத் தொட்டியிலேயே விட்டுப்போனான். மறுநாள் காலையில் குஞ்சுகள் எல்லாம் செத்து அடியில் வெள்ளை மாவாய்ப் படிந்திருந்தன.

"செம்பு விஷம்னு பி.எஸ்சி. படிச்ச உனக்குத் தெரியாதா?" என்றார் அதிகாரி.

தெரியும். பரீட்சையிலேயே எழுதியிருக்கிறான். ஆனால் அம்மா துலக்கித் தந்த பாத்திரத்தை அழுக்கென்றுகூட அவனால் நினைக்க முடிந்ததில்லை. அப்படியானால் அவன் படித்தது எங்கே போயிருந்தது?

"சொம்ப இன்னாடா பண்ண? பச்சை பூத்துக் கெடக்குது!" பையைப் பிரித்த அம்மா புளியோடு குந்திவிட்டாள்.

"வேலை போச்சும்மா."

கை நின்றது. "எதனால?"

சொம்பைப் பார்த்தான். "குஞ்செல்லாம் செத்துடுச்சு. தண்ணி சரியில்ல."

அவள் மறுபடி தேய்த்தாள். சொம்பு செக்கச்செவேலென்று ஆனதும் குடத்திலிருந்து மொண்டு நீட்டினாள். "குடி. பஸ்ல வந்த களைப்பு."

குடித்தான்.

"சாயங்காலம் மேனேஜரைப் பார்க்கப் போறியாம்மா?"

"எதுக்கு?" என்று விரல்களைக் கழுவினாள் பொன்னி. "காலையில வேலைக்குப் போறப்ப பாத்துக்கிறேன்."