நாலு கடை வரட்டும்

மிளகா அக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. வைத்தவன் அவள் கையில் சிக்கியிருந்தால் ஊருக்கே தெரிந்திருக்கும். டவுனின் நடுவில், பழைய கட்டடம் ஒன்றின் தரைத்தளத்தில், சாவி செய்கிற கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் இடையில் அவளுடைய மளிகைக் கடை இருந்தது. பெயர்ப்பலகை உண்டு. வெயிலில் வெளுத்து, அதில் என்ன எழுதியிருந்தது என்று அவளுக்கே மறந்துபோன பலகை. எல்லோருக்கும் அது மிளகா அக்கா கடைதான்.

சிலருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இவளுக்கு நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் நேராகத் திட்டிவிட மாட்டாள், தலைகீழாகத்தான் பேசுவாள். தக்காளியை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்க்கிறவரிடம், "நல்லா அமுக்குங்க சார், அதுக்கும் உடம்பு வலியாம்" என்பாள். சொட்டச் சொட்ட நனைந்த குடையைச் சர்க்கரை மூட்டைமேல் சாய்க்கிற பெண்ணிடம், "சரியான இடம் பார்த்து வெச்சீங்கம்மா, சர்க்கரைக்கு ரொம்ப தாகம்" என்பாள். வாங்குகிறவர்கள் சிரிப்பார்கள். பழைய வாடிக்கைக்காரர்கள் புதிதாகக் குடிவந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்: அக்கா 'பேஷ்' என்றால் மோசம் என்று அர்த்தம், 'தாராளமா' என்றால் கூடவே கூடாது என்று அர்த்தம்.

இன்னொரு பிடிவாதமும் அவளுக்கு உண்டு. கடையில் உட்கார்ந்து 'இல்லை' என்று சொல்லமாட்டாள். சரக்கு தீர்ந்திருந்தால் "நாளைக்கு வருது" என்பாள். வியாபாரம் எப்படி என்று கேட்டால், ஈ ஓட்டிக்கொண்டிருந்த நாளிலும், "ஓடுது, பரவால்ல" என்பாள். இல்லை என்று ஒரு தடவை வாயில் வந்துவிட்டால் அது கடையிலேயே குடியேறிவிடும் என்று நம்பினாள். பக்கத்துச் சாவிக்கடைக்காரர் கேட்டால்கூட இதே பதில்தான்.

பிறகு டவுன் வளர ஆரம்பித்தது. அச்சகம் இருந்த இடத்தில் ஓர் அடுக்குமாடி, பஸ் நின்ற மைதானத்தில் இன்னொன்று, எதிரே கண்ணாடி போட்ட அலுவலகக் கட்டடம். பார்க்கிறவர்கள் எல்லோரும், "இனிமே உனக்கென்ன அக்கா, தலைமேல ஜனம்!" என்றார்கள். தலைமேல் ஜனம் என்பது நிஜம்தான். பால்கனியிலிருந்து தட்டினால் தூசு அவள் கடை வாசலில்தான் விழுந்தது. அவளும் நம்பினாள். அலமாரித் தட்டுகளுக்குப் புதுச் சாயம் பூசினாள். கீரையும் காயும் வாடாமல் இருக்கக் கண்ணாடிக் கதவு வைத்த பெரிய குளிர்பெட்டி ஒன்றை வாங்கி, கடையின் பாதி இடத்தை அதற்கே கொடுத்தாள்.

வந்தார்கள். ஒரு எலுமிச்சம்பழம் வாங்க வந்தார்கள். தீப்பெட்டி வாங்க வந்தார்கள். அடுப்பில் எண்ணெய் காயும்போது கடுகு இல்லை என்று தெரிந்து, செருப்பு மாட்டாமல் ஓடி வந்தார்கள். மற்றதெல்லாம் வார விடுமுறையில், டவுனுக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய சந்தைக்குக் காரில் போய், டிக்கி நிறைய வந்து சேர்ந்தது. மிச்சம் போனில் வந்தது. மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு வருகிற டெலிவரிக்காரர்கள் வண்டியை நிறுத்தி வழி கேட்டதும் அவளிடமே. "நேராப் போய் இடது பக்கம் திரும்புங்க தம்பி. என் வயித்துல அடிக்கிறதுக்கு நானே வழி சொல்லணுமில்ல, அதுவும் நியாயம்தான்" என்று வழியையும் சரியாகச் சொல்லி அனுப்புவாள். அலுவலகக் கட்டடத்துக் கூட்டமோ சாயங்காலம் விளக்கு போடுவதற்குள் ஊரைவிட்டே போய்விடும்.

குளிர்பெட்டியில் கீரை வாடியது, கத்தரிக்காய் சுருங்கியது. வாடிய காயை யாரும் வாங்கவில்லை. யாரும் வாங்காததால் அடுத்த முறை குறைவாகப் போட்டாள். குறைவாக இருக்கிறதே என்று இன்னும் நாலு பேர் வராமல் போனார்கள். கடைசியில் அந்தப் பெட்டியில் தண்ணீர் பாட்டில்கள்தான் அடுக்கியிருந்தன.

கணக்கெடுப்புக்கு ஓர் இளைஞன் வந்தது, அழுகிய கீரைக்கட்டுகளை அவள் வாசலில் கொட்டிக்கொண்டிருந்த காலை நேரத்தில். கழுத்தில் அடையாள அட்டை, கையில் தொட்டுத் தொட்டு எழுதுகிற பலகை, பளிச்சென்று ஒரு சட்டை. கட்டடக் கம்பெனி அனுப்பியிருக்கிறதாம். டவுனில் மளிகைக்கடை போதுமா போதாதா என்று விசாரிக்கிறார்களாம்.

"வியாபாரம் எப்படிப் போகுது மேடம்?"

"ஓடுது, பரவால்ல" என்றாள் பழக்கத்தில்.

"சந்தோஷம். உங்க கருத்துல, இந்த ஏரியா இன்னும் எத்தனை கடையைத் தாங்கும்?"

கையில் கீரைக்கட்டு சொதசொதவென்று நசுங்கியது. இவ்வளவு நாளாக உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது அத்தனையும் நாக்குக்கு வந்துவிட்டது.

"ஒண்ணு ரெண்டு பத்துமா தம்பி? நாலு வரட்டும்! தாராளமாத் தாங்கும். ஆளுக்கொரு கடை வெச்சுக் குடுங்க, அப்பதான் இந்த ஜனங்களுக்குப் பசி அடங்கும். என்னைப் பத்தி ஒண்ணும் கவலைப்படாதீங்க, நான் ராணி மாதிரி இருக்கேன்!"

உள்ளே மூட்டை பிரித்துக்கொண்டிருந்த கணவர் கிளுக்கென்று சிரித்தார். அந்த இளைஞன் சிரிக்கவில்லை. பலகையில் தட்டியபடியே, "நாலு... தாராளமா..." என்று முணுமுணுத்தான். கிண்டலுக்குக் கிண்டல் செய்கிறான் என்று அவள் நினைத்தாள். "விவரமான ஆளுதாங்க" என்று கணவரிடம் சொன்னாள். அவன் கேட்டதும் குளிர்பெட்டி பக்கத்தில் நின்று போட்டோவுக்கும் முகம் காட்டினாள்.

கொஞ்ச நாளில் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு அவளையும் கூப்பிட்டார்கள். புதுக் கட்டடத்தின் தரைத்தளம் முழுவதையும் பெரிய மளிகைக்கடை ஒன்றுக்கு விடுவதா, இல்லை மருத்துவ நிலையம் வைப்பதா என்று முடிவெடுக்கிற கூட்டம். மளிகைக்கடை என்று முடிவானால் எதிர்க் கட்டடத்திலும் இன்னொன்று வரும் என்று பேச்சு. அப்படி வந்தால் தன் ஷட்டரை ஒரேயடியாக இறக்க வேண்டியதுதான் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"அங்க போய் வாயை மட்டும் விட்டுடாதே" என்றார் கணவர். விடியும் முன்னே மொத்த வியாபாரச் சந்தைக்கு வேன் ஓட்டிப் போய்ச் சரக்கு எடுத்து வருகிறவர். பேச்சு முழுவதையும் அவள் பங்குக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, தான் மௌனத்தை வைத்துக்கொண்டவர்.

"ஏன், நான் பேசினா கூரை பிச்சுக்குமா?"

"பிச்சுக்காது. ஆனா நீ என்ன சொல்றேன்னு அவங்களுக்குப் புரியணுமே."

கூட்டம் நடந்த அறையில் குளிர்சாதனம் ஓடியது, நாற்காலிகளுக்கு மெத்தை இருந்தது. செயலாளர் அவளை வரவேற்று முன்வரிசையில் உட்காரவைத்தார். தினமும் சாயங்காலம் ஒரே ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிப்போகிற மனிதர். வேறு எதுவும் வாங்கி அவள் பார்த்ததில்லை. விளக்கை அணைத்தார்கள். கணக்கெடுப்பு இளைஞன் சுவரில் படங்கள் காட்டினான். குடும்பங்கள் பெருகுகின்றன, கடைகள் பெருகவில்லை என்றான். அதுவரை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். அடுத்த படத்தில் அவளே நின்றாள், தண்ணீர் பாட்டில் பெட்டிக்குப் பக்கத்தில், பல்லெல்லாம் தெரிய. கீழே பெரிய எழுத்தில்:

'இப்பகுதியில் நீண்டகாலமாகக் கடை நடத்தும் பெண்மணி கூறுகிறார்: இன்னும் நாலு கடைகள் வரட்டும். தாராளமாகத் தாங்கும்.'

அவளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அவள் சொன்னதுதான், பொய்யாக எதையும் சேர்க்கவில்லை. குரலை மட்டும் கழற்றி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சுவரில் ஒட்டிவிட்டான் பாவி.

"நிறுத்துங்க!" என்று எழுந்தாள். "அது கிண்டலுக்குச் சொன்னது! வயித்தெரிச்சல்ல சொன்னது! நாலு கடை வரட்டும்னா வரட்டும்னு அர்த்தமா? உங்க வீட்டுல அம்மா 'போய்த் தொலை'ன்னா நீங்க தொலைஞ்சு போயிடுவீங்களா தம்பி?"

அறையே சிரித்தது. அவளைத் தெரிந்தவர்கள்தான் முதலில் சிரித்தார்கள். இளைஞன் முகம் வெளிறிப் போய், "மேடம், நீங்க சிரிச்சுக்கிட்டே..." என்று இழுத்தான். அவனை என்ன சொல்வது? மொழி தெரியாதவன் இல்லை, அவளைத் தெரியாதவன்.

செயலாளர் கையை உயர்த்தினார். "சரி, சரி. அக்கா, இப்ப நேராவே கேட்கிறேன். இன்னொரு கடை வந்தா தாங்குமா, தாங்காதா? வியாபாரம் எப்படி இருக்கு?"

'ஓடுது, பரவால்ல' என்கிற பதில் அவள் நாக்கில் தானாக வந்து நின்றது. அதைத் தள்ளிவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக நாலு பேர் முன்னால் நேராகச் சொன்னாள்:

"இந்த ஒரு கடைக்கே வியாபாரம் இல்ல. நீங்க யாரும் என்கிட்ட வாங்கறதில்ல. நான் செத்துக்கிட்டிருக்கேன்."

பின்வரிசையில் யாரோ, "அப்படின்னா செமையா ஓடுதுன்னு அர்த்தம்!" என்றார்கள். மறுபடி சிரிப்பு, இந்த முறை கைதட்டலும். அன்பாகத்தான் சிரித்தார்கள். அந்த அன்பைத் தூக்கி உடைக்கலாம் போல இருந்தது அவளுக்கு.

சிரிக்காதவள் ஒருத்தி இருந்தாள். மேல்மாடியில் தனியாக இருக்கிற நர்ஸ். வேலை முடிந்து வீடு திரும்பும்போது, கால் வலிக்க வலிக்க நடந்து வருகிறவள். "எனக்கு அக்கா கடை பிடிக்கும்" என்றாள் தயங்கித் தயங்கி. "ஆனா ஒரு நாள் சமையலுக்குக்கூட அங்க காய் கிடைக்கறதில்ல. எனக்குக் கார் கிடையாது. நான் எங்க போறது?"

அதைப் பொய் என்று சொல்ல முடியாது. நீ வாங்கினால் போட்டிருப்பேன் என்று சொல்லலாம். நீ போட்டிருந்தால் வாங்கியிருப்பேன் என்று அந்தப் பெண் சொல்வாள். இரண்டும் உண்மைதான். அந்தக் குளிர்பெட்டியை நினைத்தபோது அவளுக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. தெரியாததால் எல்லோர் மேலும் கோபம் வந்தது.

மளிகைக்கடை வேண்டும் என்கிறவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். கைகள் எழுந்தன. நர்ஸின் கையும் எழுந்தது. காரில் போய் டிக்கி நிறைத்து வருகிறவர்களின் கைகளும் எழுந்தன. புதுக்கடை திறந்தாலும் அங்கேயும் போய் ஒரு எலுமிச்சம்பழம்தான் வாங்கப்போகிறவர்கள். அந்தக் கடையும் ஒருநாள் ஈ ஓட்டும், ஆனால் அதைப் பார்க்க இவள் இங்கே இருக்கமாட்டாள். பொதுப்பேச்சுக்கு உயர்கிற கைகள் இவ்வளவு இருக்க, கடைக்கு வந்து ஒரு கிலோ வெங்காயம் தூக்குகிற கை மட்டும் ஏன் இல்லை என்று கேட்க வாயெடுத்தாள். கேட்டால் அதற்கும் சிரிப்பார்கள் என்று தோன்றியது. எழுந்து வந்துவிட்டாள்.

கடைக்குத் திரும்பிய அவள் முகத்தைப் பார்த்ததும் கணவர் தராசைத் துடைக்கிற வேலையை எடுத்துக்கொண்டார். அவள் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, எலுமிச்சம்பழக் கூடையை முன்னால் இழுத்து, புள்ளி விழுந்த பழங்களைப் பொறுக்கித் தனியே போட்டாள்.

வெளிச்சம் இருக்கும்போதே செயலாளர் வந்தார். கூட்டம் நன்றாக நடந்த மகிழ்ச்சி முகத்தில் இருந்தது.

"அக்கா, சபையைக் கலக்கிட்டீங்க போங்க! எல்லாரும் உங்களைப் பத்திதான் பேசறாங்க. ஒரு எலுமிச்சம்பழம் குடுங்க."

"இல்ல" என்றாள்.

துடைத்துக்கொண்டிருந்த துணியோடு கணவர் நிமிர்ந்தார். இத்தனை வருடத்தில் அந்த வார்த்தையை அந்த இடத்தில் அவர் கேட்டதில்லை.

செயலாளர் வாய்விட்டுச் சிரித்தார். "நீங்க இல்லைன்னா இருக்குன்னுதானே அர்த்தம்!" என்று கூடையிலிருந்து நல்ல பழம் ஒன்றை எடுத்தார்.

அவள் எட்டி, அவர் விரல்களுக்குள்ளிருந்து அந்தப் பழத்தைப் பிடுங்கிக் கூடையில் போட்டாள். கூடையைத் தூக்கித் தன் காலடியில் வைத்தாள்.

"இல்ல சார்."

"சரி... நாளைக்கு வருமா?" இன்னும் சிரிப்பு முழுதாகப் போகவில்லை.

"நாளைக்கும் இல்ல."

அவர் கூடை இருந்த காலி இடத்தைப் பார்த்தார். பாட்டில் அடுக்கிய குளிர்பெட்டியைப் பார்த்தார். இத்தனை நாளாக அந்தப் பக்கம் திரும்பியே பார்க்காதவர் போல முழுவதையும் பார்த்தார். சிரிப்பு மெல்ல வடிந்தது.

"அக்கா, நிஜமாத்தான் சொல்றீங்களா?"

"அதைக் கூட்டத்துல கேட்டிருக்கணும் சார்" என்றாள் அவள்.