இஞ்சி தட்டும் இரும்பு

என் மகள் வீட்டு அடுப்பங்கரையில் ஒரு சாண் நீளத்தில் ஓர் இரும்புத் துண்டு கிடக்கிறது. கட்டைவிரல் பருமன் இருக்கும். ஒரு முனையில் வளையம், நடுவில் லேசான வளைவு. இஞ்சி தட்டவும் மிளகு நசுக்கவும் என் மனைவி நாற்பது வருடத்துக்கு மேல் அதைத்தான் கையில் எடுத்தாள். அவள் போன பிறகு மகள் எடுக்கிறாள். வீட்டில் அதற்கு “அம்மாவோட இரும்பு” என்று பெயர். அது எங்கிருந்து வந்தது என்று யாரும் என்னைக் கேட்டதில்லை; பழைய லோரிச் சாமான், தாத்தா கொண்டு வந்து போட்டிருப்பார் என்று விட்டுவிட்டார்கள். லோரிச் சாமான்தான். அதில் அவர்கள் தவறு ஒன்றும் இல்லை.

ரப்பர் விலை படுத்துக் கிடந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நான் மலாயாவில், மெர்சிங் சாலையில் இருந்த ஒரு தோட்டத்தில் லோரி ஓட்டினேன். புகைவீட்டில் உலர்ந்த ரப்பர் பாளங்களைக் கட்டுக் கட்டாக ஏற்றி மெர்சிங் ஜெட்டியில் கொண்டு போய் இறக்குவதுதான் வேலை. அங்கிருந்து கப்பல் சிங்கப்பூருக்கு எடுத்துப் போகும். லோரி சின்னது. அதனால் பின்னால் ஒரு டிரெய்லரைக் கோத்துக்கொள்வோம். தொழிலாளிகள் குடியிருந்த லயத்தில் அதற்கு “வால்” என்றே பெயர். என் காலத்தில் மூன்று விதமான வால்களை இழுத்திருக்கிறேன். முதல் வாலுக்கு மாட்டுவண்டிச் சக்கரம். மரம், சுற்றிலும் இரும்புப் பட்டை. அதற்குப் பிரேக் என்று ஒன்றும் கிடையாது. இறக்கம் வந்தால் வண்டியை நிறுத்தி, ஒரு மரக்கட்டையைக் கயிற்றில் கட்டிப் பின்னால் இழுத்து வரவேண்டும். கட்டை செம்மண்ணை உழுதுகொண்டே வரும். சாலை வேலைக்காரர்கள் எங்களைத் திட்டாத நாள் இல்லை. அந்த வாலைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

இரண்டாவது வாலை ஜோகூர் பாருவில் ஒரு சீனர் பட்டறையில் செய்து வாங்கினார்கள். செங்கால் மரத்தில் சட்டம், கெட்டி ரப்பர் சக்கரம். காலியாகப் போனாலே லோரி முனகும், அவ்வளவு கனம். ஆனால் அதன் பின்புறம் ஒரு சின்ன இருக்கையும், அதற்கு முன்னால் கிணற்று ராட்டினம் போல ஒரு கைச்சக்கரமும் இருந்தன. அதைச் சுற்றினால் பிரேக் கட்டை சக்கரத்தைப் பிடிக்கும். சுற்றுவதற்கென்றே ஓர் ஆள் பின்னால் உட்கார்ந்து வருவார். நான் ஒரு ஹோர்ன் அடித்தால் இறுக்க வேண்டும், இரண்டு அடித்தால் தளர்த்த வேண்டும். உண்மையில் நான் ஹோர்ன் அடிப்பதற்கு முன்பே பிரேக் பிடித்திருக்கும். பின்னால் உட்கார்ந்திருந்தவர் அப்படிப்பட்டவர். அவர் என் மச்சான், என் மனைவியின் அண்ணன்.

மச்சானுக்கு என்னைவிட நான்கு வயது கூட. தோளும் கையும் மட்டும் யாரோ பெரிய ஆளுடையதைக் கடன் வாங்கி மாட்டிக்கொண்டது போல இருக்கும். பேச்சு குறைவு. தங்கையைக் கட்டியவன் என்பதால் என்னை எப்போதும் “மாப்ளே, வாங்க, போங்க” என்றுதான் கூப்பிடுவார். தோட்டத்தில் எனக்கு லோரி கிடைப்பதற்கு ஆபீஸ் கணக்கெழுதும் கிராணியிடம் சொல்லி வைத்ததும் அவர்தான். தான் பின்னால் உட்கார்ந்து, தங்கை புருஷனை முன்னால் உட்கார வைத்தார்.

மூன்றாவது வால் சீமையிலிருந்து பெட்டி பெட்டியாக வந்து இங்கே பூட்டப்பட்டது. அதைப் பார்த்ததும் எனக்கு மயக்கம்தான். காற்றடைத்த டயர். பச்சைப் பெயிண்ட். இழுப்பதே தெரியாது. அதைவிட, அதற்குப் பிரேக்காரர் வேண்டாம். இறக்கத்தில் வால் லோரியை முன்னால் தள்ளும் அல்லவா, அந்தத் தள்ளலிலேயே இழுவைக் கம்பி உள்ளே போய்த் தானாகப் பிரேக் பிடித்துக்கொள்ளும். ஒரே ஒரு குறை: பின்னால் எடுக்கும்போதும் கம்பி உள்ளே தள்ளப்படும், உடனே பிரேக் பிடித்துக்கொள்ளும், வண்டி நகராது. அதற்காகக் கம்பியில் ஒரு துளை. அதில் ஓர் இரும்புப் பின்னைச் செருகினால் கம்பி உள்ளே போகாது, ரிவர்ஸ் எடுக்கலாம். எடுத்து முடித்ததும் பின்னைக் கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் போனால் வாலுக்குப் பிரேக்கே இல்லை.

புது வாலில் மச்சானுக்கு மிஞ்சிய வேலை அந்தப் பின் ஒன்றுதான். செருகுவார், நான் பின்னால் எடுப்பேன், கழற்றுவார். கழற்றியதும் அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவார். கண்ணாடியில் நான் அதைப் பார்த்த பிறகுதான் வண்டி நகரும். பிறகு பின்னை அதன் கொக்கியில் மாட்டிவிட்டு, ரப்பர் கட்டுகளின் மேல் ஏறி உட்காருவார். இந்த முறையை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. நாங்களாக வைத்துக்கொண்டது.

இன்னும் இரண்டு வால் வாங்க வேண்டியிருந்ததால், எந்த வண்டி நல்லது என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒரு நாள் ஆபீஸ் வாசலில் எங்கள் இருவரையும் கேட்டார். கிராணி தமிழில் சொன்னார். மச்சான் யோசித்து, “சீனர் பட்டறை வண்டி கனம்தாங்க. ஆனா கைக்கு அடங்கும்” என்றார். நான் முந்திக்கொண்டேன். “புதுசுதாங்க நல்லது. இதுக்குப் பின்னால ஆளே வேணாம்.” சொல்லி முடித்த பிறகுதான் அந்த ஆள் என் பக்கத்தில் நிற்பது உறைத்தது. திரும்பி வரும்போது மச்சான் சிரித்தார். “என்னா மாப்ளே, எனக்குச் சீட்டுக் கிழிச்சிட்டீங்க போல.” நானும் சிரித்தேன். எனக்கு அப்போது என் வாயைவிடத் துரை தலையாட்டியதுதான் பெரிதாக இருந்தது.

மழைக்காலம் தொடங்கும் முன் மெர்சிங்கிலிருந்து புறப்படும் கடைசிக் கப்பல்களில் ஒன்றுக்குச் சரக்கு ஏற்றிய காலை அது. கடல் கொந்தளிக்க ஆரம்பித்துவிட்டால் பிறகு கப்பலுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஏற்றி முடித்து, மச்சான் சீட்டில் கையெழுத்து வாங்க ஆபீசுக்குப் போயிருந்தார். அந்த நேரம் தண்ணீர் வண்டி ஒன்று வழி கேட்டது. என் வால் குறுக்கே நின்றது. நானே இறங்கிப் பின்னைச் செருகி, நானே நாலு முழம் பின்னால் எடுத்து வழி விட்டேன். வேண்டாத ஆள் இல்லாமலே வேலை நடக்கிறது என்று ஒரு சின்னக் கர்வம்கூட இருந்தது. மச்சான் ஓட்டமாக வந்தார். வண்டி இடம் மாறியிருப்பதைப் பார்த்துவிட்டு, “பின் என்னா ஆச்சு மாப்ளே?” என்று கேட்டார். “பாத்தாச்சு, பாத்தாச்சு. ஏறுங்க மச்சான், கப்பல் போயிடும்” என்றேன். அவர் குனிந்து பார்த்திருக்கலாம். நான் சொன்னேன் என்பதற்காக ஏறி உட்கார்ந்தார். அன்று கண்ணாடியில் யாரும் எதையும் தூக்கிக் காட்டவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

மரப்பாலத்துக்கு முன்னால் ஒரு நீண்ட இறக்கம் உண்டு. பாதியில் முதுகில் யாரோ கைவைத்துத் தள்ளுவது போல இருந்தது. லோரிப் பிரேக்கை மிதித்தேன். லோரி நிற்கப் பார்த்தது, வால் நிற்கவில்லை. அது பக்கவாட்டில் திரும்பி, லோரியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய் ஓடையோரம் கவிழ்ந்தது. நான் இறங்கி ஓடியபோது கட்டுகள் பாதி தண்ணீரில் கிடந்தன. மச்சான் சேற்றில் உட்கார்ந்து வலது தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். எலும்பு முறிந்து, கை கயிறாகத் தொங்கியது. அவர் என்னைப் பார்க்கவில்லை. இழுவைக் கம்பியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பின் துளையிலேயே இருந்தது, வளைந்து போய்.

மூன்றாம் நாள் விசாரணை. மச்சான் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டு நின்றார். துரைக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: தப்பு வண்டியுடையதா, ஆளுடையதா? அதை வைத்துத்தான் இன்னும் இரண்டு வாங்குவதா வேண்டாமா என்று முடிவு. கிராணி என்னைப் பார்த்து, “பின் யார் பொறுப்பு?” என்றார். எனக்குத் தெரிந்த உண்மைகளில் எனக்கு வசதியான ஒன்றை எடுத்துச் சொன்னேன். “அவரு பொறுப்புங்க.” பொய் இல்லை. தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதைப் பொய்யே பேசாமல் செய்யலாம் என்று அன்று கண்டுகொண்டேன். கிராணி அவர் பக்கம் திரும்பினார். மச்சான், “ஆமாங்க. என் பொறுப்புதான்” என்றார். எனக்கு வேலை போனால் என் மனைவி, அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி, எங்கே போவாள் என்று அவர் நினைத்திருப்பார். நான் என்ன நினைத்தேன்? புது வண்டி நல்லது என்று சொன்ன என் வாய் தோற்கக்கூடாது என்று நினைத்தேன். மனைவியைக் காரணமாகச் சேர்த்துக்கொண்டது பிறகு, மனம் அரிக்க ஆரம்பித்தபோது.

ஆள் குறைக்கும் காலம் அது. கை உடைந்த ஆளுக்கு, அதுவும் பழி சுமந்த ஆளுக்கு, என்ன வேலை? ஊருக்குத் திருப்பி அனுப்ப நாகப்பட்டினம் கப்பலில் இடம் போட்டுவிட்டார்கள். சிங்கப்பூருக்குக் கொண்டு போய்விட நான்தான் கூடப் போனேன். வழியெல்லாம் சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்து திறந்து மூடினேன். படியேறும் முன் அவர் நல்ல கையால் என் தோளைத் தொட்டு, “பட்டறை வண்டியா இருந்தா சுத்திப் பிடிச்சிருப்பேன் மாப்ளே” என்றார். அவ்வளவுதான். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். “அண்ணன் நெசமாவே மறந்துடுச்சா?” அங்கே துரை இல்லை, கிராணி இல்லை. நான் “மறதிதான், என்னா செய்யிறது” என்றேன். இதுதான் பச்சைப் பொய். அழுதாள். அழுது முடித்து அண்ணன்மேல் கோபப்பட்டாள். “சின்னதுலேருந்தே அது அப்படித்தான். ஆட்டை ஓட்டிட்டுப் போயி விட்டுட்டு வரும்” என்றாள். அப்படி ஒன்று நடந்ததாக அதற்கு முன் அவள் சொல்லிக் கேட்டதில்லை. என் பொய் நிற்பதற்காக அவளே தன் அண்ணனின் பிள்ளைப் பிராயத்தில் தூண் நட்டுக் கொடுத்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புது வால்கள் இரண்டும் வந்தன. பின்னால் ஆள் இல்லை. மற்ற லோரிகளில் கைச்சக்கரம் சுற்றிய இருவரும் மண்வெட்டி பிடிக்கப் போனார்கள். தோட்டப் பட்டறையில் துளையிலிருந்து தட்டி எடுத்த வளைந்த பின்னைக் கொல்லர் என்னிடம் தூக்கிப் போட்டார். எறிய மனம் வரவில்லை, துணியில் சுற்றி வீட்டில் ஒளித்தேன். பிற்பாடு ஜோகூர் பாருவுக்குக் குடி மாறும்போது அது அவள் கையில் அகப்பட்டது. கழுவி, இஞ்சி தட்ட நன்றாக இருக்கிறது என்றாள். அவளைத் தடுக்க எனக்கு வாய் ஏது? மச்சானிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. யாரையோ வைத்து எழுதியிருந்தார். எனக்கென்று ஒரு வரி: மாப்பிள்ளையை இறக்கத்தில் கவனமாக ஓட்டச் சொல்லவும். நான் பதில் போடவில்லை. அடுத்து வந்தது அவர் காரியத்துக்கான கடிதம்.

எங்கள் வீட்டில் ஒரு சொல்வழக்கு உண்டு. யாராவது குழாயை மூடாமலோ விளக்கை அணைக்காமலோ வந்தால், “மாமன் மாதிரி பின்னை விட்டுட்டு வந்துட்டியா?” என்பார்கள். மனைவி தொடங்கி வைத்தது. என் பிள்ளைகள் அதைக் கேட்டு வளர்ந்தார்கள். அந்த மாமனை அவர்கள் பார்த்ததே இல்லை. அவரைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது அந்த மறதி மட்டும்தான்.

இப்போது எனக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. பேரன் பாசிர் கூடாங் துறைமுகத்தில் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறான். காற்றுப் பிரேக், பதினெட்டுச் சக்கரம். எங்கள் மூன்று வாலையும் அதன்மேல் ஏற்றி இன்னும் இடமிருக்கும். போன வாரம் அவன் மோட்டார் சைக்கிள் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தான். மகள் அடுப்படியிலிருந்து, “மாமன் மாதிரி பின்னை விட்டுட்டு வந்துட்டான் பாரு” என்றாள். என்ன வந்ததோ, நான் சொல்லிவிட்டேன். “அந்தப் பின்னை விட்டது மாமன் இல்லம்மா. நான்.”

பேரன் சிரித்தான். “தாத்தா, நீங்களா? உங்கள மாதிரி டிரைவர் அந்த ஏரியாவுலயே கிடையாதுன்னு பாட்டி சொல்லும்லா.” மகள் என் அருகில் வந்து நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். “பாவம், செத்துப் போன மாமா மேல இன்னும் எவ்ளோ பாசம் பாரேன் அப்பாவுக்கு” என்றாள்.

நான் மறுபடியும் சொல்லியிருக்க வேண்டும். உட்கார வைத்து, தண்ணீர் வண்டியிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர்கள் நம்பவில்லை என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நன்றாகவே இருந்தது. மகள் அடுப்படிக்குத் திரும்பிப் போனாள். அந்த இரும்பை எடுத்து இஞ்சியைத் தட்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தேத்தண்ணி வந்தது. வாங்கிக் குடித்தேன்.