வாய் மூடிச் சிரிக்கும் நகர்

அந்த லேஅவுட்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ‘கார்டன்’ என்றொரு சொல்லும் ‘சிட்டி’ என்றொரு சொல்லும் அதில் உண்டு. உள்ளே தோட்டமும் கிடையாது, நகரமும் கிடையாது. தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகிற சாலையில், மாந்தோப்புக்கும் கேழ்வரகுக் கொல்லைக்கும் நடுவே திடீரென்று ஒரு வளைவு முளைத்து நிற்கும். இரண்டு பக்கமும் சிமெண்ட் யானைகள். ஒரு யானைக்குத் தும்பிக்கை உடைந்து உள்ளிருந்து கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் யாரோ சந்தனம் பூசி வைத்திருந்தார்கள்.

நாங்கள் அங்கே குடிபோவதாக இருந்தது. நாங்கள் என்றால் நான், மனைவி, நாலு வயது மகள். பெங்களூரில் நாங்கள் இருந்த அடுக்ககத்தில் மகள் ஓடியாட மொட்டை மாடி மட்டும்தான். அதற்கும் நேர அட்டவணை ஒட்டியிருந்தார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் முகம் காட்டினால் போதும் என்று என் அலுவலகம் சொல்லிவிட்டது. மனைவியின் அலுவலகம் அதையும் கேட்கவில்லை. ஜூனில் மகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். அதற்குள் ஒரு வீடு பார்க்க வேண்டும். வீடு என்பதைவிட, அவள் அடுத்த பத்து வருடம் யாரோடு விளையாடுவாள், யார் வீட்டுக்குள் ஓடுவாள் என்பதை முடிவு செய்ய வேண்டும்.

இந்த மாதிரி வேலை கிடைத்தால் எனக்குக் கை பரபரக்கும். ஒரே ராத்திரியில் கைப்பேசியில் பட்டியல் போட்டேன். இணைய வேகம், பள்ளி வேன், பூங்கா, பாதுகாப்பு, அக்கம்பக்கம், குழந்தைகளின் பழக்கவழக்கம் என்று இருபது தலைப்பு. தலைப்புக்கு ஐந்து மதிப்பெண். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, “பொண்ணு பாக்கப் போற மாமியார் தோத்தா போங்க” என்றாள். அவள் கரூர்ப் பக்கம், காவிரிக் கரைக்காரி. கேலி செய்தால்தான் அவளுக்கு ஒரு விஷயம் புரிந்ததாக அர்த்தம்.

முதல் ஞாயிறு போனபோது சங்கச் செயலாளர் வளைவுக்கே வந்துவிட்டார். ஏதோ அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். அங்கே கோப்பு இருந்த கையில் இப்போது சாவிக்கொத்து.

“வாங்க வாங்க! நம்ம ஏரியாவுக்கு உங்கள மாதிரிப் படிச்ச பேமிலிதாங்க வேணும். பூர்வீகம் எங்கீங்க?”

“பென்னாகரம் பக்கங்க.”

“அட, நம்மாளு! பென்னாகரம் பக்கம்னா... எந்தத் தெருங்க?”

எங்கள் ஊரில் தெருவைக் கேட்டால் தெருவைக் கேட்கிறார்கள் என்று நினைப்பவன் ஊருக்குப் புதியவன். “மெயின் ரோட்டு மேலயேங்க” என்றேன். மனிதருக்கு முகம் சப்பென்று ஆகிவிட்டது. மெயின் ரோட்டில் எல்லா ஆட்களும் இருப்பார்கள். அதற்குப் பிறகு நடந்துகொண்டே, குலசாமி எது, மாமனார் எந்த ஊர், கல்யாணம் எந்த மண்டபம் என்று அரை மணி நேரம் துருவினார். என் மனைவி கடைசிக் கேள்விக்கு மட்டும், “ஏசி மண்டபமுங்க” என்று பதில் சொன்னாள்.

பூங்கா வாசலில் விதிமுறைப் பலகை. ஆடு மாடு வளர்க்கக் கூடாது. வாசலில் துணி காயப்போடக் கூடாது. உரக்கப் பேசக் கூடாது. பலகைக்குக் கீழே, இடிந்த சுற்றுச்சுவர் வழியாக வந்திருந்த மூன்று வெள்ளாடுகள் குரோட்டன்ஸைத் தின்றுகொண்டிருந்தன. செயலாளர் அவற்றைப் பார்க்காத மாதிரி நடந்தார். நானும் பார்க்காத மாதிரி ‘பசுமை: நான்கு’ என்று போட்டேன்.

ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நீலநிறக் குழாய் ஒன்று தரையிலிருந்து கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. தலையில் மூடி.

“இது ஒகேனக்கல் காவிரித் தண்ணி கனெக்‌ஷனுங்க. எல்லா வூட்டுக்கும் குடுத்தாச்சு.”

“தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருதுங்க?” என்று மனைவி கேட்டாள்.

“பைப்பு போட்டாச்சுங்க. தண்ணி மட்டுந்தான் வரணும்.”

“அப்ப இப்போ?”

“போரு இருக்குதுங்களே! எழுநூறு அடி. எப்பத் தொறந்தாலும் கொட்டும். குடிக்க மட்டும் கேனு போட்டுக்குவோம்.”

லேஅவுட் போட்ட ஆள் மனைகளை விற்றுவிட்டு, வெளியே போகிற பெரிய குழாயோடு இந்தக் குட்டிக் குழாய்களைச் சேர்க்க மனு எழுதவே மறந்துவிட்டானாம். செயலாளர் இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு எல்லாம் தயார், மாப்பிள்ளை மட்டும் வரவில்லை என்கிற தோரணையில் சொன்னார்.

பூங்காவில் ஏழெட்டுப் பிள்ளைகள். மகள் போன வேகத்தில் சேர்ந்துவிட்டாள். பன்னிரண்டு வயது இருக்கும் ஒரு பெண் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி ஊஞ்சல் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு கத்தல் இல்லை, கும்மாளம் இல்லை. நான் கைப்பேசியை எடுத்து, “சிரிங்க, சிரிங்க” என்று படம் எடுத்தேன். உதட்டை மூடி, கன்னத்தை மட்டும் உயர்த்தி, ஒழுங்காகச் சிரித்தார்கள். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பெங்களூரில் பிள்ளைகள் கேமராவைப் பார்த்தால் நாக்கை நீட்டுவார்கள். இங்கே எவ்வளவு மரியாதை! ‘பிள்ளைகள் — அடக்கம், பணிவு: ஐந்துக்கு ஐந்து’ என்று எழுதிப் பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் போட்டேன். இன்றைக்கும் அந்தக் குறிப்பு என் கைப்பேசியில் இருக்கிறது. திமிர் ஏறும்போது எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

திரும்பும் பஸ்ஸில் மகள் தூங்கிவிட்டாள். நான் மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டிருந்தேன். மனைவி படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டு வந்தவள், கிருஷ்ணகிரி தாண்டியதும் கேட்டாள்.

“ஏங்க, இதுல ஒரு பிள்ளைக்காவது பல்லு இருக்குதா?”

“என்ன கேள்வி இது?”

“இருபத்திமூணு போட்டோ எடுத்திருக்கீங்க. நம்மவ ஒருத்திதான் ஈன்னு நிக்கறா. மத்தது அத்தனையும் வாயக் கட்டிக்கிட்டு நிக்குது.”

“அடக்கமான பிள்ளைங்க.”

“உங்க அடக்கந்தானே?” என்றாள். தன் கைப்பேசியில் எங்கள் கல்யாணப் படத்தைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். மாலையும் கழுத்துமாக நான். உதடு மூடி, கன்னம் மட்டும் உயர்ந்து.

எனக்குத் தெரியாததா? எங்கள் மாவட்டத்து ஆழ்துளைத் தண்ணீரில் புளோரைடு இருக்கிறது, அது பல்லில் பழுப்புக் கோடு போடும் என்பதை நான் ஆறாம் வகுப்பிலேயே படித்தவன். படித்தது என்ன, முகாமுக்கு வந்த மருத்துவர்கள் எங்களை வரிசையில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லி எழுதிக்கொண்டு போனார்கள். கோவையில் கல்லூரி விடுதிக்குப் போன முதல் நாள், “மச்சான், பீடியா, பாக்கா?” என்று ஒருத்தன் கேட்டான். அன்றைக்கு மூடிய உதடு. மூடி மூடிப் பழகியதில் மூடியிருப்பதே மறந்துவிட்டது. சந்தையில் மாடு பிடிக்கப் போகிற எங்கள் ஆட்கள் முதலில் பல்லைத்தான் பிடித்துப் பார்ப்பார்கள். நான் மகளுக்கு ஊர் பிடிக்கப் போனேன்; இருபது தலைப்பு வைத்திருந்தேன்; பல்லுக்குத் தலைப்பு இல்லை.

ஆனாலும் விட மனசில்லை. கூட்டிய மதிப்பெண் எண்பத்திரண்டு ஆயிற்றே.

“ஆர்.ஓ. மாட்டிக்கலாம்” என்றேன்.

“நம்ம வூட்டுக்கு மாட்டலாம். எதிர் வூட்டுக்கு?”

“எதிர் வீட்டுல எதுக்குத் தண்ணி குடிக்கணும்?”

“நாலு வயசுப் பிள்ளைங்க அவ. விளையாடுவா, தாகம் எடுக்கும், பக்கத்துல இருக்கற வூட்டுக்குள்ள ஓடுவா. கேனு தீந்தா அங்க குடிக்கறதும் போர்தான். சோறு ஆக்கறது, ரசம் வெக்கறது எல்லாம் போர்லதான். ஒவ்வொரு வாசலா நின்னு குடிக்காதே, குடிக்காதேன்னு சொல்லிட்டே இருக்கவா? ஈறுக்குள்ள இருக்கற பல்லு இப்பத்தான் உருவாகிட்டு இருக்குது அவளுக்கு.”

யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், யார் வீட்டில் கூடாது என்று எங்கள் பக்கம் ஏற்கெனவே எழுதாத சட்டப் புத்தகம் ஒன்று உண்டு. அந்தக் கருமத்திலிருந்து தப்பிக்கத்தான் தெரு கேட்டால் மெயின் ரோடு என்கிறேன். இப்போது அதே புத்தகத்தை என் மகளுக்கு நானே வேறு அட்டை போட்டுக் கொடுக்க வேண்டும் போலிருந்தது.

“ஒரே படத்த வெச்சு முடிவு பண்ணக் கூடாது” என்று மட்டும் சொன்னேன். படித்தவன் தோற்கும்போது அப்படித்தான் பேசுவான்.

அடுத்த ஞாயிறு மறுபடி போனோம். செயலாளருக்குச் சொல்லாமல் நேராகப் பூங்காவுக்கு. மகள் சறுக்குமரத்தின் மேல் ஏறி, சிமெண்ட் டைனோசரைப் பார்த்து ஏதோ வசனம் பேசி, வழுக்கி வந்து மணலில் குப்புற விழுந்தாள். எழுந்தபோது மீசை, தாடி எல்லாம் மண். பிள்ளைகளுக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. அந்தக் கணமே ஏழெட்டுக் கைகளும் ஏழெட்டு வாய்களை மூடின. யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. பயிற்சி பெற்ற படை போல ஒரே நேரத்தில் மூடின. என் கை எங்கே இருந்தது என்று அப்புறம்தான் பார்த்தேன். அதுவும் என் வாய் மேல்தான் இருந்தது.

ஊஞ்சல் தள்ளுகிற பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அங்கிள், நீங்களும் எங்கூருதானே?”

“எப்படிக் கண்டுபிடிச்ச?”

“பல்லுதான். எங்களுதாட்டமே இருக்குது.” அவள் கையை எடுக்காமலே சிரித்தாள். “பாப்பாவுது வெள்ளையா இருக்குது. ஆன்ட்டியுதும் வெள்ளை. நீங்க மட்டுந்தான் நம்மாளு.”

செயலாளர் அரை மணி நேரம் துருவியும் பிடிக்க முடியாத என் பூர்வீகத்தை இவள் ஒரே பார்வையில் பிடித்துவிட்டாள். அந்த மாதிரி ‘நம்மாளு’ ஆனதில் எனக்கு ஒரு நொடி சந்தோஷம்கூட வந்தது. மறுநொடி, மணலைத் துப்பிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தேன். இவளையும் ‘நம்மாளு’ ஆக்கத்தான் எண்பத்திரண்டு மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

“பாப்பாவுக்கு எங்க வூட்ல இருந்து தண்ணி கொண்டாரட்டுமா? வாய் கொப்புளிக்க” என்றாள் அந்தப் பெண்.

மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு, “கொண்டா கண்ணு” என்றாள். கொப்புளித்தாள் மகள். குடித்துவிடாமல் பார்த்தபடி மனைவி குனிந்து நின்ற நிற்பு இருக்கிறதே, அப்போதே முடிவாகிவிட்டது.

இரண்டு நாள் கழித்துச் செயலாளர் அழைத்தார். “என்னங்க, அட்வான்ஸுக்கு எப்ப வரீங்க? கேக்கறதுக்கு ஆளு நெறயா இருக்குதுங்க.”

எங்கள் ஊரில் வேண்டாம் என்பதை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. “பாக்கறனுங்க” என்போம். ஆறு மாதம் பாக்கறனுங்க என்று சொல்லியே ஒரு சம்பந்தத்தைச் சாகடித்துவிடுவோம். நானும் பவ்வியமாக, “பாக்கறனுங்க” என்றேன். மனைவி கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டாள்.

“ஐயா, வூடு நல்லா இருக்குதுங்க. தண்ணிதான் வேண்டாம். எம் பொண்ணுக்குப் பல்லு முளைச்சு முடியட்டும்.”

நான் ஒரு பிரசங்கத்துக்குத் தயாராக இருந்தேன்; பல்லைப் பார்த்தா சம்பளம் குடுக்கறாங்க என்று கேட்பார், மடக்கலாம் என்று.

“எம் பேத்திய நீங்க பாத்திருப்பீங்களே” என்றார். “ஊஞ்சலாண்ட நிப்பா. பள்ளிக்கூட ஆண்டு விழாவுல டேன்ஸுக்குச் சேத்துட்டு அப்புறம் வேண்டாம்னுட்டாங்க. சிரிச்சு ஆடணுமாம்.” பிறகு தொண்டையைச் செருமினார். குரல் பழைய சாவிக்கொத்துக் குரலாகிவிட்டது. “அதெல்லாம் பெரிசு பண்ண முடியுங்களா? ஊரே அப்படித்தானே இருக்குது. ஆர்.ஓ. மாட்டிக்கிட்டா முடிஞ்சுதுங்க.”

“அந்தப் பைப்புக்கு மனு எழுதிக் குடுங்க ஐயா” என்றாள் மனைவி. “இவரு நல்லா எழுதுவாரு. இருபது தலைப்பு வெச்சு எழுதுவாரு.”

“பாக்கறனுங்க” என்றார் செயலாளர்.

மனுவை எழுதினேன். அடுத்த வாரமே கொண்டுபோய்க் கொடுத்தேன். எண்பது வீட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். ஒன்பது பேர் போட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் யார் முதலில் போட்டார்கள், அவர் எந்தப் பக்கத்து ஆள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். காலையில் ரோஜாப்பூ வருகிறது, மனு பற்றி ஒன்றும் வருவதில்லை. நீலக் குழாய்களுக்கு ஆயுத பூஜையன்று பொட்டு வைத்த படம் மட்டும் வந்தது.

நாங்கள் தருமபுரி ஊருக்குள்ளேயே ஒரு சந்தில் வீடு எடுத்தோம். வளைவு இல்லை, யானை இல்லை, கார் நுழையாது. என் பட்டியலில் முப்பத்தொன்று. நாலு நாளைக்கு ஒருமுறை சந்து முழுக்க ஒகேனக்கல் ஆற்றுத் தண்ணீர்தான் வரும், போர் கிடையாது. வரும் அன்று சந்தே சண்டைக்காடு. “ஒங்குடத்த எடுடி, எம்மாங்குடம் வெப்ப!” என்று எதிர் வீட்டம்மா போடுகிற கத்தலில் என் அலுவலகக் கூட்டம் மூழ்கிவிடும். அந்தப் பக்கத்தில் இருக்கிறவர்கள் என்ன சத்தம் என்று கேட்பார்கள். தண்ணீர் என்பேன்.

குடிவந்த அன்று சாமான் இறக்கிக்கொண்டிருந்தபோது மகளைக் காணோம். நான் பதறி வாசலுக்கு ஓடினேன். எதிர் வீட்டுக்குள்ளிருந்து வந்தாள், கவுன் முன்பக்கம் நனைந்து, மோவாயில் நீர் சொட்ட.

“எங்க போன?”

“தண்ணி குடிச்சேன்” என்றாள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்ற மனைவி அதை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். திரும்பி வந்து அடுத்த பெட்டியை எடுத்தாள்.